பாலிவுட் நடனம் பழக வருபவர்களுக்கு: காலை எடுத்து வைக்கும் முன் பாட்டைக் கேளுங்கள்

"ஹிந்தி தெரியாது, சின்ன வயதில் பரதம் கூடக் கற்கவில்லை, நாற்பது தாண்டியாச்சு, பாலிவுட் க்ளாஸில் சேரலாமா?" இந்தக் கேள்வியைத் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சேரலாம். லண்டனில் வெம்ப்லி பக்கம் ஒரு சமூகக் கூடத்தில் எட்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆடி வருகிறேன். கடைசி மூன்று வருடமாகப் புதிதாக வருபவர்களுக்கு முதல் மாதப் பாடத்தை நான்தான் எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதும் வழிகாட்டி இது. எந்த ஊரில் இருந்தாலும் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கால்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இந்த நடனத்தில் கால் இரண்டாவதுதான். இது பாட்டின் வரிக்கு ஆடும் ஆட்டம். வரி என்ன சொல்கிறது என்று தெரியாமல் ஆடினால் ஸ்டெப் எல்லாம் சரியாக இருந்தும் உடற்பயிற்சி மாதிரிதான் தெரியும்.

முதலில், இது என்ன நடனம்?

ஒரே நடனம் இல்லை. வட இந்தியக் கதக், பஞ்சாபி பாங்ரா, குஜராத்தி கர்பா, மராத்தி லாவணி, நம் பரதம், மேற்கத்திய ஜாஸ், அப்புறம் ஹிப்-ஹாப் என்று பலவற்றிலிருந்து எடுத்து, மும்பையின் படப்பிடிப்புத் தளங்களில் பாட்டுக்குத் தகுந்தபடி கலந்து வளர்ந்தது. சென்னையில் பரதம் கற்ற வைஜெயந்திமாலா 1951இல் ஹிந்திப் படத்தில் அறிமுகமானபோது பரதத்தின் அழுத்தமும் அவரோடு போனது. 1997இல் நடன அமைப்பாளர் ஷியாமக் தாவர் ஒரு படத்துக்கு ஜாஸ் பாணியில் அமைத்த நடனங்களுக்குத் தேசிய விருது கிடைத்தபின் குழு நடனத்தின் உடல்மொழியே மாறிப்போனது. ஆகவே "அசல் பாலிவுட் ஸ்டெப்" என்று ஒன்றைத் தேடி அலையாதீர்கள். இந்த ஸ்டெப் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், நல்ல டீச்சர் பதில் சொல்வார்.

இதை ஆடுபவர்களும் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். எங்கள் வகுப்பில் தாஷ்கண்டில் பிறந்த ஓர் அம்மா இருக்கிறார், அவருடைய பாட்டி ராஜ் கபூர் பாடல்களை மொழி தெரியாமலே முழுதாகப் பாடுவாராம். 1954இல் ராஜ் கபூரின் 'ஆவாரா' படம் சோவியத் ஒன்றியத்தில் திரையிடப்பட்டதிலிருந்து அங்கே தலைமுறை தலைமுறையாக அந்தப் பிரியம் தொடர்கிறது. வட நைஜீரியாவின் கானோவிலிருந்து வந்த ஒருவர் ஹிந்திப் படம் பார்த்தே வளர்ந்தவர். இன்னொரு பெண், 2022இல் நார்வேயின் குயிக் ஸ்டைல் குழு ஒரு கல்யாணத்தில் ஆடிய 'காலா சஷ்மா' வீடியோ பரவிய நாட்களில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர். இவர்களில் யாருக்கும் ஹிந்தி வீட்டு மொழி இல்லை. நமக்கும் இல்லை. அதனால் தயங்க வேண்டாம்.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான ஊர்களில் நான்கு விதம் கிடைக்கும். உடற்பயிற்சிக்கான வகுப்பு (பாலிஎக்ஸ், மசாலா பாங்ரா போன்றவை), ஒரு பாட்டை எட்டு, பத்து வாரத்தில் முழுதாகக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு, கதக் அடித்தளத்தோடு மெதுவாகப் போகும் 'செமி-கிளாசிக்கல்' வகுப்பு, கல்யாணத்தை ஒட்டி நடக்கும் ஆட்டபாட்ட நிகழ்ச்சியான சங்கீத்துக்காக மட்டும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பது. வியர்க்க வேண்டும், ஜாலியாக இருக்க வேண்டும் என்றால் முதலாவது போதும், அதில் யாரும் உங்கள் கையைத் திருத்த மாட்டார்கள். நடனமாகக் கற்க ஆசை என்றால் இரண்டாவதில் தொடங்குங்கள், ஒரு வருடம் கழித்து மூன்றாவதற்கும் போங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்புக்குச் சும்மா போய்ப் பாருங்கள். நான் மூன்று விஷயங்களைக் கவனிப்பேன். பாட்டைப் போடும் முன் அது எதைப் பற்றியது என்று டீச்சர் ஒரு வார்த்தையாவது சொல்கிறாரா? உடல் எடை எந்தக் காலில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாரா, அல்லது முன்னால் ஆடிக்காட்டி "என்னைப் பாருங்கள்" என்று மட்டும் விட்டுவிடுகிறாரா? பின்வரிசையில் திணறுபவரிடம் ஒருமுறையாவது நடந்து வருகிறாரா? இந்த மூன்றும் இருந்தால் அவர் பெரிய பெயர் இல்லாதவராக இருந்தாலும் சேர்ந்துவிடலாம்.

தரையையும் பாருங்கள். நான் முதலில் சேர்ந்த கூடத்தில் சிமெண்ட் தரைமேல் மெல்லிய விரிப்பு ஒட்டியிருந்தார்கள், மூன்று மாதத்தில் இரண்டு முழங்காலுக்குக் கீழும் எலும்பு ஓரமாக வலி வந்து ஆறு வாரம் ஆடாமல் இருக்க வேண்டியதாயிற்று. பாங்ராவில் குதிப்பு அதிகம். மரத்தரை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அடிப்பகுதி மெத்தென்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கதக் வகை ஸ்டெப்புக்கு மட்டும் வெறுங்கால்.

உடைக்கு லெக்கிங்ஸ், கொஞ்சம் நீளமான பருத்திக் குர்தா அல்லது டிஷர்ட் போதும். துப்பட்டா வேண்டும் என்றால் ஒரு தோளில் ஊக்கு குத்தி, மறுபக்கம் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். சலங்கை இப்போதைக்குத் தேவையில்லை.

முதல் வாரம்: ஆடாதீர்கள், கேளுங்கள்

வகுப்பில் எடுக்கப்போகும் பாட்டின் பெயரை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் அதைக் கேட்பது மட்டும்தான் வேலை. பஸ்ஸில், சமைக்கும்போது, எங்கே வேண்டுமானாலும்.

முதல் இரண்டு நாள் தாளம். நிறைய ஹிந்திப் பாட்டுகள் கெஹர்வா என்ற எட்டு மாத்திரைத் தாளத்தில் இருக்கும், சில தாத்ரா என்ற ஆறு மாத்திரையில் ஊஞ்சல் மாதிரி ஆடும். கையால் தட்டிப் பாருங்கள். எட்டென்றால் வகுப்பில் "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று எண்ணித் தொடங்குவார்கள். ஆறில் இருக்கும் பாட்டுக்கு எட்டாக எண்ணினால் எங்கேயோ இடிக்கும், புதியவர்கள் தடுமாறுவது பல நேரம் இதனால்தான். அப்புறம் பாட்டின் அமைப்பு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி முக்டா, சரணம் அந்தரா, நடுவில் வாத்திய இசை. ஹூக் ஸ்டெப் எனப்படும் அந்தப் பாட்டுக்கே உரிய ஸ்டெப் பெரும்பாலும் முக்டாவில்தான் வரும். முக்டா எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால் பாட்டில் பாதி கையில் வந்த மாதிரி.

மூன்றாம் நாள் முதல் வரிகள். ஒரு நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். நம் எழுத்தில் க, ச, த, ப ஒவ்வொன்றுக்கும் ஹிந்தியில் நான்கு ஒலிகள் இருப்பதால், அழுத்திச் சொல்ல வேண்டியதன் அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேடையில் உதடசைக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் பொருள். இணையத்தில் மொழிபெயர்ப்பு கிடைக்கும், ஆனால் ஹிந்தியோ உருதுவோ தெரிந்த ஒருவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இந்தப் பாட்டுகளில் உருதுச் சொற்கள் நிறைய, இயந்திர மொழிபெயர்ப்பு அங்கேதான் கவிழ்கிறது.

இவ்வளவு ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஓர் உதாரணம், 1988இல் வந்த 'தேஸாப்' படத்தில் மாதுரி தீக்ஷித் ஆடும் "ஏக் தோ தீன்" பாட்டு. சரோஜ் கான் அமைத்தது. ஃபிலிம்ஃபேர் பத்திரிகை நடன அமைப்புக்கு என்றே தனி விருது கொடுக்கத் தொடங்கியதும் முதல் விருது இதற்குத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதின்மூன்று வரை எண்ணும் பாட்டு. எங்கள் வகுப்பில் இதை எடுத்தபோது நாங்கள் எல்லோரும் துள்ளலாக எண்ணி ஆடினோம், எங்கள் டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு, "என்னத்தை எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவள் எண்ணுவது நாட்களை. வராத ஒருவனுக்காகத் தேதி தேதியாகக் காத்திருக்கிறாள். பதின்மூன்றுக்கான ஹிந்திச் சொல்லும் "உன்னுடைய" என்ற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஒலி, அதனால் பதின்மூன்றில் வந்து நிற்கும்போது எண்ணிக்கை அப்படியே "உனக்காக" என்று திரும்புகிறது. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி ஆடினோம். அதே கை, அதே இடுப்புதான், ஆனால் விரல்கள் கணக்குப் போடுவது மாதிரி இல்லாமல் ஏங்குவது மாதிரி மடங்கின. அன்றைக்குத்தான் எனக்கு இந்த நடனம் புரிந்தது.

சரோஜ் கானை மும்பையில் எல்லோரும் மாஸ்டர்ஜி என்பார்கள். அவர் வாங்கிய தேசிய விருதுகளில் ஒன்று 'சிருங்காரம்' என்ற தமிழ்ப் படத்துக்கு. கதக் மேதை பிர்ஜு மகராஜ் நடன அமைப்புக்காகத் தேசிய விருது பெற்றதும் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' பாட்டுக்கு. நமக்குப் புரியும் மொழியில் இவர்கள் செய்த வேலை அது. அவற்றைப் பார்த்தால் ஒரு சொல்லுக்கு முகம் எப்படி மாறுகிறது என்பது உடனே பிடிபடும். ஹிந்திப் பாட்டுக்குப் போகும் முன் தமிழ் ரசிகர்களுக்கு நான் சொல்லும் குறுக்குவழி இது. அதேபோல 1998இல் நடன அமைப்பாளர் ஃபரா கான் நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் ஆட வைத்த பாட்டை "சைய்ய சைய்யா" என்றும் "தைய தையா" என்றும் இரண்டு மொழியிலும் போட்டுப் பாருங்கள். ஆட்டம் ஒன்று, சொல் வேறு. எந்த அசைவு சொல்லுக்காக, எந்த அசைவு தாளத்துக்காக என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் வாரம்: உடம்பு

முட்டியிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் முட்டி லேசாக மடங்கியே இருக்க வேண்டும். பலருக்குத் தும்கா என்ற இடுப்பு வெட்டு வராததற்குக் காரணம் இடுப்பைத் தள்ளப் பார்ப்பதுதான். தும்கா இடுப்பில் பிறப்பதில்லை. இரண்டு முட்டியும் மடங்கிய நிலையில் எடையை இடது காலில் வைத்து, வலது முட்டியைச் சட்டென்று நிமிர்த்துங்கள். வலது இடுப்பு தானாக மேலே ஏறும். அதுதான் தும்கா. மேல் உடம்பு அசையக் கூடாது, தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமும் பதினாறு முறை, தினமும் செய்தால் பத்து நாளில் வந்துவிடும்.

பாங்ராத் தோள் இதற்கு நேர் எதிர். அதில் உடம்பு முழுவதும் மேலே எழும். முட்டியின் துள்ளல் மேலேறி வந்து தோளைத் தூக்க வேண்டும். தோளை மட்டும் தனியாகக் குலுக்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கைகள் பெரும்பாலும் தோளுக்கு மேலே, விரல்கள் திறந்து, நெஞ்சு விரிந்து இருக்கும். விளைச்சலைக் கொண்டாடும் பஞ்சாப் விவசாயிகளின் ஆட்டத்திலிருந்து வந்தது, அந்த நிமிர்வு இல்லாமல் அது பாங்ரா ஆகாது. ஒரு கையால் பல்பு மாட்டு, மறு கையால் நாயைத் தட்டிக்கொடு என்று வெளிநாட்டு வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். முதல் ஐந்து நிமிடக் கூச்சம் போவதற்கு உதவும், ஆனால் அதோடு நின்றால் மணிக்கட்டு திரும்புவதே பாங்ரா என்று ஆகிவிடும். நான் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

சக்கர், அதாவது சுழல்வது. கண்ணை எதிரே ஒரு புள்ளியில் வையுங்கள். உடம்பு திரும்பினாலும் தலை கடைசியில் திரும்பி முதலில் அந்தப் புள்ளிக்கு வந்து சேர வேண்டும். கதக் பாணியில் குதிகாலில் சுழல்வார்கள், ஜாஸ் பாணியில் முன்பாதத்தில். உங்கள் பாட்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

முகத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கையும் காலும் அசைக்காமல், கண்ணாடி முன்னால் பாட்டு முழுவதையும் முகத்தால் மட்டும் ஆடிப்பாருங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பாருங்கள். இந்தப் பயிற்சியைத் தவறாமல் செய்தவர்கள் ஸ்டெப் மறந்துபோனால் கூட மேடையில் தடுமாறியதாகத் தெரிவதில்லை.

மூன்றாம் வாரம் முதல்: பாட்டை மனப்பாடம் செய்வது

எட்டு எட்டு கவுண்டாகப் பிரித்துப் படியுங்கள். ஒரு நாளைக்கு நான்கு எட்டுக்கு மேல் வேண்டாம். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்து, வலம் இடம் மாற்றிப் போட்ட பயிற்சி வீடியோவைப் பாருங்கள். படத்தின் வீடியோவைப் பார்த்து நேரடியாகக் கற்க முயல வேண்டாம், இது முக்கியம். படத்தில் பாட்டைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒரு துண்டு முடிந்ததும் ஆடுபவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் உண்டு, உடை மாற்றவும் நேரம் உண்டு. கேமரா முகத்துக்கு அருகில் போகும்போது கால் என்ன செய்கிறது என்றே தெரியாது. மேடையில் நமக்கு வெட்டு கிடையாது, நான்கு நிமிடமும் ஒரே மூச்சு. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் மேடைக்குப் பாட்டை வெட்டி இரண்டரை, மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவருகிறார்கள். பாட்டில் வேகமான பகுதி முடிந்த உடனே ஒரு நின்ற நிலையோ மெதுவான நடையோ வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

மறந்துவிட்டால் நிற்காதீர்கள். ஹூக் ஸ்டெப்புக்கு வந்து சேருங்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கூட்டமாக ஆடுவது

தனியாகக் கற்றுக்கொண்டாலும் இது கடைசியில் கூட்டத்தோடு ஆடும் ஆட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே மாணவர் குழுக்கள் உண்டு, மாதக்கணக்கில் இரவு ரிகர்சல் செய்து போட்டிகளுக்குப் போகிறார்கள். இங்கே லண்டனில் ட்ரஃபால்கர் சதுக்கத் தீபாவளி மாதிரி விழாக்கள். ஆனால் உங்கள் முதல் மேடை அநேகமாக யாராவது ஒருவருடைய கல்யாணச் சங்கீத்தாகத்தான் இருக்கும். வட இந்தியர்களின் வழக்கமாக இருந்த சங்கீத் இப்போது நம் வீட்டுக் கல்யாணங்களுக்கும் வந்துவிட்டது, அதை நன்றாகச் செய்வோம்.

சங்கீத்துக்கு ஆட்கள் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். பன்னிரண்டு பேர் என்றால் அதில் எட்டு வயதுப் பையன், முட்டி அறுவை செய்துகொண்ட பெரியம்மா, ஆட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக வந்து நிற்கும் சித்தப்பா, எல்லோரும் இருப்பார்கள். மூன்று நான்கு பாட்டின் முக்டாக்களை ஒட்டி ஒரு மிக்ஸ் செய்யுங்கள், ஒரு பாட்டுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், கடைசிப் பாட்டில் எல்லோரும் வரட்டும். பெரியம்மாவைப் பின்வரிசையில் ஒளித்து வைக்காதீர்கள். நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், கையும் கண்ணும் மட்டும் போதும், மற்றவர்கள் அவரைச் சுற்றி ஆடட்டும். நான் பார்த்தவரை கூட்டம் அதிகம் கைதட்டுவது அதற்குத்தான். வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் தோளுக்கு நேர் பின்னால் இல்லாமல் இரண்டு பேருக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நில்லுங்கள், அப்போதுதான் முகம் தெரியும். மேடைக்குள் எப்படி வருகிறோம், எப்படி வெளியேறுகிறோம் என்பதையும் பழகுங்கள், பல குழுக்கள் அங்கேதான் சொதப்புகின்றன.

பொது நிகழ்ச்சி என்றால், பாட்டைப் போட அந்தக் கூடத்துக்கு இசை உரிமம் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். வீடியோவை இணையத்தில் போட்டால் பாட்டின் உரிமையாளர் ஒலியை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. நடனம் யாருடையதோ அவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், படத்திலிருந்து எடுத்ததென்றாலும் சரி, உங்கள் டீச்சர் அமைத்ததென்றாலும் சரி.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது

வரியின் பொருளைத் தெரிந்துகொள்ளச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. துள்ளலான இசை என்று எட்டு வயதுப் பிள்ளைகளை ஆட வைக்கும் சில பாட்டுகளின் வரிகளைத் தமிழில் படித்துக்காட்டினால் பெற்றோர்களே வேண்டாம் என்பார்கள். எங்கள் வகுப்பில் ஒருமுறை அப்படி நடந்தது, இரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு பாட்டை மாற்றினோம். சாமிப் பாட்டை மது பரிமாறும் விருந்தில் ஆடுவதும் பலருக்கு உறுத்தும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முஜ்ரா வகைப் பாட்டு ஆடுகிறீர்கள் என்றால் அது தவாயிஃப் என்ற கலைக் குலப் பெண்களின் ஆட்டத்திலிருந்து வந்தது என்பதைத் தெரிந்து ஆடுங்கள். கதக்கையும் டும்ரி என்ற பாட்டு வகையையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் அவர்கள். நம் ஊரில் தேவதாசி மரபுக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும் நேர்ந்தது, கலை மேடைக்குப் போனது, அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். அந்தப் பாட்டைக் கொச்சையாக ஆடாமல் இருப்பது நம்மால் முடிந்த மரியாதை.

இந்தியர் அல்லாத நண்பர்கள் "நாங்கள் ஆடலாமா, பொட்டு வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்பார்கள். ஆடலாம். பொட்டு விஷயத்தில் நான் சொல்வது, அந்தப் பாட்டுக்கும் பாத்திரத்துக்கும் பொட்டு உண்டென்றால் வையுங்கள், இந்தியா என்று காட்டுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

முதல் மேடை முடிந்ததும்

யாரிடமாவது போனைக் கொடுத்து முழு ஆட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், நடுவில் நின்று, யாரையும் அருகில் இழுத்துக்காட்டாமல். அன்றைக்கு இரவு பார்க்காதீர்கள், களைப்பில் குறை மட்டும்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பாட்டு தெரியாத ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது என்று கேளுங்கள். "யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருக்கிறது" என்று அவர் சொல்லி, பாட்டும் காத்திருப்பதைப் பற்றியது என்றால், அடுத்த பாட்டுக்கு நோட்டில் புதுப் பக்கம் எடுக்கலாம். "ஏதோ சந்தோஷமாகக் குதிக்கிறார்கள்" என்றால் அதே பாட்டை இன்னொரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.